எழவு வீட்டில் படித்த ஆ, ஈ, ஊ

ஆங்கிலத்தில் ‘ஆ’ சொல்ல வேண்டுமென்றால் வாய்க்குள் இரண்டு விரல் நெட்டுக்குத்தாகப் போக வேண்டும். ‘ஈ’க்குச் சிரிக்கிற மாதிரி உதட்டை இழுக்க வேண்டும், ஆனால் சிரித்துவிடக் கூடாது. ‘ஊ’வுக்கு அடுப்பு ஊதுகிற வாய். இதெல்லாம் கண்டியில் இருக்கும் ஒரு மிஸ் எனக்கு வாட்ஸப்பில் சொல்லிக்கொடுத்தது. அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை, குரல் மட்டும்தான் தெரியும். முப்பது வயது தாண்டியவளுக்கு ஆ, ஈ, ஊ சொல்லிக்கொடுக்க அவருக்குச் சலிப்பு வரவில்லை. எனக்குத்தான் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

எல்லாம் ஒரு வேலைக்காகத்தான். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் போன் எடுக்கிற வேலை. வெளிநாட்டுக்காரர்கள் கூப்பிட்டு அறை இருக்கிறதா, ஹீட்டர் இருக்கிறதா, ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் எனக்குத் தெரியாமல் இல்லை. கொழும்பில் ஒரு துணிக்கடையில் பல வருஷம் நின்றவள் நான். அம்மாவுக்கு இளைப்பு முற்றியதும் வேலையை விட்டுவிட்டு அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். ஹோட்டல் மேனேஜர் ஒரு பெண். முதல் தடவை போனில் பேசிப் பார்த்தபோது, உங்கள் இங்கிலீஷில் தப்பே இல்லை, ஆனால் நீங்கள் சொல்வது பாதி விளங்கவில்லை என்றார். இது என்ன பேச்சு! எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சொற்கள் சரி, அவற்றின் உயிரெழுத்துகள்தான் சரியில்லையாம். பழகிக்கொண்டு ஏப்ரல் சீசனுக்கு முன்னால் வாருங்கள், இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன் என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் கிடைக்கிற வேலை கைவிரலில் அடங்கும். சரி என்று மிஸ்ஸைப் பிடித்தேன்.

என்னிடம் இருந்த பெரிய வியாதியை மிஸ் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார்.

“எக்ஸ்ட்ரா பெட்னு சொல்லுங்க.”

“யெக்ஸ்ட்ரா பெட்.”

“முன்னாடி ஒரு ‘ய’ வருது பாருங்க. அது வேணாம். வெறும் ‘எ’. தொண்டையில இருந்து நேரா வரணும்.”

“யெ... யெக்ஸ்ட்ரா.”

பிறந்ததிலிருந்து வாயில் குடியிருக்கிற ‘ய’வை வாட்ஸப்பில் கிளப்ப முடியுமா? எங்கள் லயத்தில் எலி யெலிதான், எருமை யெருமைதான், எட்டு யெட்டுதான். ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டின் அடியில் நின்று நான் கூப்பிடுவதும் ‘யெம்மோவ்’தான். மேலே ஏறி வருவதற்குள் அம்மா தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் ஏற்றிவிட வேண்டும், அதற்காகக் கூப்பிடுவது. ஒன்பது வயதில் ஸ்கூலிலிருந்து வந்தபோதும் கூப்பிட்டேன், கொழும்பிலிருந்து பெட்டியோடு வந்தபோதும் கூப்பிட்டேன். “ஏன்டி கத்துற, நான் என்னா செவிடா?” என்று மேலேயிருந்து பதில் வரும்.

லயத்தில் ஒரு வீட்டுக் காம்பிராவுக்கும் அடுத்த வீட்டுக் காம்பிராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே இடைவெளி. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டிலிருந்து நூறு ஆயுசு சொல்வார்கள். நான் பாடம் படித்தது அத்தனை பேருக்கும் கேட்டது. அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ‘ஏ’ என்று இழுத்தால், “ஆட்டுக்குத் தழை போடணுமா?” என்பாள். சின்ன வயதில் நான் சிரித்தால், பொம்பளைப் பிள்ளைக்குப் பல்லு தெரியக் கூடாது, வாயை மூடு என்று அதட்டினவள். இப்போது கண்ணாடி முன்னால் நின்று வாயைப் பிளந்துகொண்டிருக்கும் என்னைப் பார்க்க அவளுக்குத் தாங்க முடியவில்லை. சிரித்தால் இளைக்கும், இளைத்தால் இருமுவாள், இருமிவிட்டு மறுபடி சிரிப்பாள். எனக்கு அப்போதெல்லாம் கோபம்தான் வந்தது.

மாசி மாதக் குளிரில் அம்மாவுக்கு மூச்சு சேரவில்லை. த்ரீவீலில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரண்டாம் நாள் காலையில் ஒரு நர்ஸ் வந்து சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். நான் “ஹரி” என்றேன். சரி என்று அர்த்தம். பஸ் வராது என்றால் சொல்வோமே, சீனி முடிந்துவிட்டது என்றால் சொல்வோமே, அதே “ஹரி”. நர்ஸ் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னார். விளங்கியது. இன்னொரு தடவை “ஹரி” என்றேன்.

அம்மாவைத் தேயிலைக்குள்தான் புதைத்தோம். அன்றைக்கு லயத்தில் யாரும் மலைக்குப் போகவில்லை. தப்பு அடித்தார்கள், கொழும்பிலிருந்து வந்த அண்ணன் விழுந்து புரண்டு அழுதான், அண்ணி மயங்கினாள். நான் வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டேன். யாருக்குத் தேத்தண்ணி கொடுத்தாயிற்று, யாருக்கு இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இரவு படுத்தேன், நன்றாகத் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்ததும் அதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் கருமாதி முடிகிற வரைக்கும் அந்த வரிசையில் எந்த வீட்டிலும் டீவி போட மாட்டார்கள். சுவருக்கு மேலே இடைவெளி இருப்பதால் வந்த வழக்கமாக இருக்கலாம். யாரும் சொல்ல வேண்டியதில்லை, தானாகவே நிறுத்திவிடுவார்கள். பொழுது சாய்ந்ததும் வரிசையாகக் கேட்கிற நாடகச் சத்தம் அம்மா செத்த அன்றிலிருந்து இல்லை. பாத்திரம் கழுவுகிற சத்தமும் மழைச் சத்தமும்தான். பக்கத்து வீட்டு அக்கா நாடகம் பார்க்காவிட்டால் சோறு இறங்காத ஆள். கொழுந்து பறிக்கும்போதும் நாடகக் கதைதான் பேசுவாள். அவளே வாயை மூடிக்கொண்டு இருந்தாள். “மாமியாக்காரி இந்நேரம் விஷத்த வச்சிருப்பா, பாக்கக் குடுத்து வைக்கல” என்று ஒரு தடவை பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, அய்யோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு, அதுதான் என்னைப் படுத்தியது. செத்த அன்றைக்கு வர முடியாத சொந்தக்காரர்கள் பிறகு ஒவ்வொருவராகக் கேதம் கேட்க வருவார்கள். பெண்கள் என்றால் படிக்கட்டு ஏறும்போதே குரல் எடுத்துவிடுவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டுப் பெண்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓட வேண்டும். ஓடி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, கூடச் சேர்ந்து அழ வேண்டும். வந்தவளை ஒத்தையாக அழவிடக் கூடாது. வந்தவளுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விட்டால்கூட மன்னித்துவிடுவார்கள், ஒத்தையாக அழவிட்டால் ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

முதலில் வந்தது அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி. “எக்கா, என்னைய விட்டுட்டுப் போயிட்டியேக்கா” என்று கீழேயே ஆரம்பித்து வந்து என் கழுத்தில் விழுந்தாள். நான் நின்றேன். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். “பாத்து, படி வழுக்கும்” என்று வேறு சொன்னேன். அண்ணி பின்னாலிருந்து என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

“ஏ புள்ள, ஒப்புக்காச்சும் அழு. பாக்குறவங்க என்னா நெனப்பாங்க?”

“வரலையே அண்ணி. வராததுக்கு நான் என்னா செய்ய?”

“பெத்த தாய்க்கு வரலையா?”

நெஞ்சழுத்தக்காரி என்று லயத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். பீலியில் நான் போனால் பேச்சு நிற்கும். கொழும்புக் காற்று பட்ட கல் நெஞ்சு, வருஷக் கணக்காகத் தாயைப் பார்த்துச் சலித்துவிட்டாள் போல, செத்தது அவளுக்கு விடுதலை என்றெல்லாம் சுவருக்கு மேலாக வந்து விழுந்தது. அவர்கள் பேசியதுகூடப் பெரிதில்லை. எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருந்தது. அம்மா படுத்த கட்டிலைப் பார்ப்பேன், இளைப்புக்கு இழுக்கிற மருந்துக் குழலைப் பார்ப்பேன், கொழுந்து பறிக்கும்போது அவள் இடுப்பில் கட்டுகிற சாக்குப் படங்கைப் பார்ப்பேன். உள்ளே ஒன்றும் அசையாது. அழுகை வராதா என்று அதன் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை கிடைக்காவிட்டால் போகிறது, ஒரு வாட்டி ஒழுங்காக அழுதுவிட்டால் போதும் என்றுகூட நினைத்தேன். அழவே இல்லையென்றால் நான் என்ன ஜென்மம்?

மிஸ்ஸுக்கு விஷயத்தைச் சொன்னேன். “அய்யோ, கிளாஸை நிப்பாட்டுவோம், நீங்க கொஞ்ச நாள் இருங்க” என்றார். வேண்டாம் மிஸ், அனுப்புங்கள் என்றேன். சும்மா இருந்தால் கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் அனுப்பினார், நான் படித்தேன். முன்பு நாலு பக்கமும் டீவி அலறும்போது படித்த ஆ, ஈ, ஊ இப்போது அந்த அமைதிக்குள் தனியாகக் கேட்டது. அண்ணிக்குப் பொறுக்கவில்லை. எழவு வீட்டில் இங்கிலீஷ் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று அண்ணனிடம், எனக்குக் கேட்க வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்காதான் குரல் கொடுத்தாள்.

“விடு தங்கச்சி. அவ வாய்க்கும் ஒரு வேல வேணுமில்ல.”

அக்கா அப்படிச் சொன்னதற்காக நான் அவளுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை, அப்படி ஒன்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரம் மிஸ் மூச்சைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். நீண்ட உயிரெழுத்தைத் தொண்டையிலிருந்து கொண்டுவராதீர்கள், அடிவயிற்றிலிருந்து கொண்டுவாருங்கள், தாடையைத் தளர்த்துங்கள், சத்தம் தானாகப் பெரிதாகும் என்றார். ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு ‘ஆ’ என்று இழுத்துப் பார்த்தேன். கூரைத் தகரம் அதிர்ந்தது. நானே பயந்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து பறித்து, பிறகு தன் மகள் வீட்டுக்கே போய்விட்ட ஒரு பெரியம்மா முறை ஆள் வந்தாள். படிக்கட்டில் குரல் கேட்டது. அண்ணி என்னை முறைத்தாள். ஓடினேன். கழுத்தைக் கட்டினேன். என்ன நினைத்தேனோ தெரியவில்லை, தாடையைத் தளர்த்தி, இரண்டு விரல் அகலத்துக்கு வாயைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து மிஸ் சொன்ன ‘ஆ’வை விட்டேன். அப்படியே அதை ‘ஓ’வுக்கு உருட்டினேன். மூச்சு முடிகிற இடத்தில் ‘ஊ’ என்று குவித்தேன். வந்தவள் ஒரு கணம் தன் அழுகையையே நிறுத்திவிட்டாள். பிறகு என் சத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அண்ணி ஓடி வந்து இரண்டு பேரையும் கட்டிக்கொண்டாள். பக்கத்து வீடுகளிலிருந்தும் இறங்கி வந்துவிட்டார்கள். முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொண்டதால் என் கண் காய்ந்து கிடந்தது யாருக்கும் தெரியவில்லை.

“தேக்கி வச்சிருந்துருக்கா பாவம்” என்று யாரோ சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரையும் நான் ஒத்தையாக அழவிடவில்லை. ஆ, ஓ, ஊ மூன்றும் அழுகைக்கு நன்றாக உதவின. ‘ஈ’ சுமார். ஷிப், பிக், இட் என்று வருகிற சின்ன எழுத்துகள் எதற்கும் ஆகாது, விக்கல் மாதிரி கேட்கும். அண்ணி என்னோடு முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்தாள், எனக்கு ரொட்டியும் சம்பலும் எடுத்து வைத்தாள். பீலியில் பேச்சு நிற்பதில்லை. எனக்கோ ஒவ்வொரு தடவையும் அழுது முடித்து முகத்தைத் துடைக்கிற மாதிரி துடைக்கும்போது சேலைத் தலைப்பு நனையாமல் இருப்பது தெரியும். சந்தோஷமும் இல்லை, குற்றமாகவும் தோன்றவில்லை. ஒரு வேலையைச் செய்து முடித்த மாதிரி இருக்கும். சாயங்காலம் மறுபடி எக்ஸ்ட்ரா பெட்.

கருமாதிக்கு முந்தின நாள் வட்டவளைச் சித்தி வந்தாள். அம்மாவின் கூடப்பிறந்த தங்கச்சி. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவளுக்கு இப்போதுதான் விடுப்பு கிடைத்தது. லயமே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது, கூடப்பிறந்தவள் அழுகிற அழுகை எப்படி இருக்குமோ என்று. சித்தி ஒரு சத்தமும் போடாமல் படியேறி வந்தாள். ஷூ போட்டிருந்தாள். எனக்கு வழி இல்லை, எல்லோரும் பார்க்கிறார்களே. நானே போய்க் கட்டிக்கொண்டு ‘ஆ’வை ஆரம்பித்தேன். ‘ஓ’வுக்குப் போவதற்குள் சித்தி என் காதுக்குள் கேட்டாள்.

“என்னாடி இது?”

நான் நிறுத்தவில்லை.

“ஏய். யார்ட்டடி படிச்ச இத?”

மூச்சு வாங்குகிற சாக்கில் மெல்லச் சொன்னேன். “வாட்ஸப்புல சித்தி.”

சித்தியின் உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன், இல்லை, சிரிக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரிக்கிறாள். அது எனக்கும் தொற்றிக்கொண்டது. எழவு வீட்டு வாசலில் இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். அதைப் பார்த்து அண்ணி ஓவென்று அழுதாள். பெண்கள் எல்லோரும் அழுதார்கள். இத்தனை நாளும் இப்படி ஒரு அழுகையைப் பார்த்ததே இல்லை என்று பிறகு சொன்னார்களாம்.

உள்ளே வந்ததும் சித்தி அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“நான் அந்த ஊரு பாத்ரூமுக்குள்ளயே அழுது தீத்துட்டேன்டி. பைப்ப தொறந்து விட்டுட்டு. ஒனக்கு வரலையா?”

“இல்ல சித்தி.”

“ஒரு துளியும்?”

“இல்ல.”

“போகுது போ” என்றாள். ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். அம்மாவின் செருப்பு அங்கேதான் இருந்தது, அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வைத்தாள். அப்போதாவது எனக்கு உள்ளே ஏதாவது செய்திருக்க வேண்டும். ஒன்றும் செய்யவில்லை.

கருமாதி முடிந்தது. சித்தி வட்டவளைக்குப் போய்விட்டாள், அண்ணனும் அண்ணியும் கொழும்புக்கு ஏறிவிட்டார்கள். அன்று சாயங்காலம் முதலில் அக்கா வீட்டு டீவியும் பிறகு மற்ற வீட்டு டீவிகளும் பேச ஆரம்பித்தன. ஆனாலும் அக்கா கொஞ்ச நாள் சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தாள். நான் ஒரு ஆளுக்கு அரிசி போட்டேன். பாடம் படித்தேன். ஒருநாள் ‘எக்ஸ்ட்ரா’ என்று சொன்னபோது முன்னால் ‘ய’ இல்லை. இன்னொரு தடவை சொன்னேன். இல்லை. எய்ட், எனி, என்ட்ரன்ஸ் எதிலும் இல்லை. மிஸ்ஸுக்கு அனுப்பினேன். கை தட்டுகிற படங்களாக வரிசையாகப் போட்டார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஹோட்டலிலிருந்து பங்குனி பாதியில் கூப்பிட்டார்கள். தலவாக்கலைக்குப் போய் அங்கிருந்து நானுஓயா வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்தேன். மேனேஜர் என்னை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் அங்கிருந்து போனில் கூப்பிட்டார். முகத்தைப் பார்த்தால் குரல் சரியாகத் தெரியாதாம். அறை கேட்டார், எக்ஸ்ட்ரா பெட் கேட்டார், ஏர்லி செக்இன் கேட்டார். எல்லாவற்றுக்கும் சொன்னேன். வாய் தன்பாட்டுக்கு வேலை செய்தது. கடைசியாக, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்றார்.

போன மாதம் என் அம்மா இறந்துவிட்டார் என்று இங்கிலீஷில் சொன்னேன். ‘மதர்’ என்பதில் முதலில் வருவது ஆவும் இல்லை, ஓவும் இல்லை. நாக்கை நடுவில் சும்மா விட்டுவிட்டுச் சொல்கிற ஒரு சின்ன அ. அது எனக்குக் கடைசி வரை வராமல் இருந்து வந்த எழுத்து. அன்றைக்குச் சரியாக வந்தது. சரியாக வந்துவிட்டதே என்றுதான் நினைத்தேன், வேறு ஒன்றும் நினைக்கவில்லை. அந்தப் பக்கம் மேனேஜர், வருந்துகிறேன் என்றார். தேங்க்யூ என்றேன். பிறகு அவர் எழுந்து நான் இருந்த அறைக்கே வந்து, ரொம்பத் தெளிவாக இருக்கிறது, திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்று கை கொடுத்தார்.

வேலை கிடைத்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. நானுஓயாவில் ரயிலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள் பையும் பெட்டியுமாக நின்றார்கள். இனி இவர்கள்தான் என்னைக் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பும் வரவில்லை. தலவாக்கலையில் பஸ் மாறி, எங்கள் ரோட்டில் இறங்கும்போது பொழுது மங்கிவிட்டது. மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மேலே லயத்தில் வரிசையாக வெளிச்சம். நாடக நேரம். எல்லா வீட்டிலும் ஒரே நாடகம் ஓடுவதால் படிக்கட்டு வரைக்கும் வசனம் தெளிவாகக் கேட்டது. பீலியைத் தாண்டி, படிக்கட்டின் அடியில் போய் நின்றேன். தலையைத் தூக்கினேன்.

“யெம்மோவ்! வேல கெடச்சிருச்சு!”

அடிவயிற்றிலிருந்து வந்தது. முன்னால் ‘ய’ இருந்தது. மிஸ் பாடுபட்டுக் கிளப்பிய அந்த ‘ய’, ஒன்பது வயதில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பதிலுக்காகத் தலையைத் தூக்கியபடியே நின்றேன். ஏன்டி கத்துற என்று வர வேண்டிய நேரம் வந்து, போயிற்று.

முதலில் அக்கா வீட்டு டீவி நின்றது. அடுத்து அதற்கு அடுத்த வீடு. ஒவ்வொன்றாக நின்றுகொண்டே போய்க் கடைசி வீட்டில் ஒரு பொம்பளை பேசிக்கொண்டிருந்த குரலும் பாதி வசனத்தில் நின்றது. வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். எங்கள் வீட்டுக் கதவு மட்டும் நான் காலையில் பூட்டிவிட்டுப் போனபடி இருந்தது.

அய்யோ அம்மா, நீ இல்லையே.

அப்போது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் இரண்டு தடவை சொன்னது எனக்கு அந்தப் படிக்கட்டில்தான் விளங்கியது. ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வந்த சத்தம் என்ன எழுத்து என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வாய் கோணியது, மூக்கு ஒழுகியது, மூச்சு முட்டி விக்கல் விக்கலாக வந்தது. எதற்கும் ஆகாது என்று நான் தள்ளிவைத்த சின்னச் சின்னச் சத்தங்கள்தான் அவ்வளவும். சேலைத் தலைப்பு நனைந்து கையெல்லாம் ஈரமானது. எனக்கு என் அம்மா வேண்டும் என்று இருந்தது, வேறு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது.

அக்கா மாவுக் கையோடு படி இறங்கி வந்தாள். “யெம் புள்ள” என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் ஒட்டிய மாவு என் தலையில் படுவதையும் பார்க்காமல் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என்னை ஒத்தையாக அழவிடக் கூடாதென்று அவளும் அழ ஆரம்பித்தாள்.

அன்றைக்கு எங்கள் லயத்தில் ஒருவரும் நாடகம் பார்க்கவில்லை.